கடை விரிச்சாச்சு... ஆள் வரணுமே!

(மூன்றாம் ஆண்டு மாணவர், கணிப்பொறிப் பொறியியல் பிரிவு)



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நமக்கு முன்னால் படித்துவிட்டுப் போன சீனியர்கள் ஆறாவது செமஸ்டரில் செய்த செயலிகளில் இன்றைக்கு எத்தனை உயிரோடு இருக்கின்றன? ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பேட்ச்சும் செய்கிறது. பஸ் நேரம் சொல்லும் செயலி, ரத்த தானச் செயலி, ஹாஸ்டல் மெஸ் கணக்குச் செயலி... தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. ரெவ்யூ முடியும், வைவா முடியும், தங்க எழுத்துப் போட்ட ரிப்போர்ட் டிபார்ட்மெண்ட் அலமாரிக்குள் போகும். அத்தோடு சரி! கொஞ்சம் துணிந்தவர்கள் பிளே ஸ்டோரில் ஏற்றுவார்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். ஒரு வாரத்தில் நாற்பது டவுன்லோடு. அந்த நாற்பதும் நம்ம பசங்க. அடுத்த வாரம் அதில் முப்பது பேர் அழித்துவிடுவார்கள்.

இதைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். "மச்சான், கோடு எழுதுறதுதான் நம்ம வேலை. மார்க்கெட்டிங்கெல்லாம் எம்.பி.ஏ. காரன் பாத்துக்குவான்." இந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். செய்த பொருளைத் தேவைப்படுகிறவன் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பொறியாளன் வேலைதான். அதிலும் டை கட்டிய கம்பெனியோ விளம்பரப் பணமோ இல்லாத டிப்ளமோக்காரனுக்கு அது இரட்டிப்பு வேலை.

ஐந்நூறு கடை இருந்த தெரு

2008 ஜூலை 10ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதில் இருந்தவை 500 செயலிகள். அதே ஆண்டு அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது. 2012 மார்ச்சில் அதற்கு கூகுள் பிளே என்று பெயர் மாறியது. அந்த ஆரம்ப நாட்களில் எதைப் போட்டாலும் நாலு பேர் கண்ணில் பட்டுவிடும். 2008 ஆகஸ்டில் 'ஐ ஆம் ரிச்' என்று ஒரு செயலி வந்தது. திறந்தால் ஒரு சிவப்புக் கல் மின்னும், வேறு ஒன்றுமே செய்யாது. விலை 999.99 டாலர்! ஆப்பிள் அதை எடுத்துவிடுவதற்குள் எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். தெருவில் ஐந்நூறு கடைதான் என்றால் வெறும் கல்லைக்கூட விற்கலாம்.

இன்றைக்கு அந்தத் தெருவில் லட்சக்கணக்கான கடைகள். நாம் விரித்த கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்று நமக்கே தேடினால்தான் தெரியும். "நல்ல சரக்கு தானா விக்கும்" என்று தாத்தா காலத்துப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தால் சரக்கு அங்கேயே கிடந்து தூசு பிடிக்கும்.

"வியட்நாம்காரன் ஒருத்தன் தனியா ஒரு கேம் போட்டு உலகத்தையே கலக்கலையா?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஹனோயைச் சேர்ந்த டாங் நுயென் 2013 மே மாதம் 'ஃபிளாப்பி பேர்ட்' விளையாட்டை ஆப் ஸ்டோரில் போட்டார். அது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2014 ஜனவரியில் திடீரென்று முதலிடம்! விளம்பர வருமானமே ஒரு நாளைக்கு 50,000 டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பிப்ரவரியில் அவரே தாங்க முடியாமல் அதை எடுத்துவிட்டார். லாட்டரியில் ஒருவனுக்கு விழுந்தது என்பதற்காக நாம் எல்லோரும் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார முடியுமா? நம் கையில் இருக்கிற காரியங்களைப் பார்ப்போம்.

பெயரில் ஆரம்பிக்கிறது வேலை

எல்லாப் பிரிவுக்கும் புரிகிற மாதிரி ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் நண்பர்களுக்குத் தெரியும், லேத்தில் வேலைப் பொருளின் விட்டத்துக்குத் தக்கபடி சுழல் வேகம் வைக்க வேண்டும். வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, பையையும் விட்டத்தையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைத்துவிடும். வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 30 மீட்டர், விட்டம் 50 மி.மீ. என்றால் ஏறக்குறைய 191 ஆர்.பி.எம். இதைக் கணக்குப் போட்டுத் தரும் சின்னச் செயலியை நம் பையன் ஒருவன் செய்கிறான் என்று வையுங்கள். பெயர் என்ன வைப்பான்? 'ஸ்மார்ட் மெக் ப்ரோ 2.0'! கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ கோவைப் பட்டறையிலோ லேத்தில் நிற்கிற அண்ணன் ஸ்டோரில் 'ஸ்மார்ட் மெக்' என்றா தேடுவார்? 'லேத் ஸ்பீடு' என்றுதான் அடிப்பார்.

கூகுள் பிளேயில் பெயருக்கு 30 எழுத்து. அதன் கீழே வரும் சிறு விளக்கத்துக்கு 80. முழு விளக்கத்துக்கு 4000. ஆப்பிளில் பெயருக்கு 30, துணைத் தலைப்புக்கு 30, தேடல் சொற்களுக்கென்றே 100 எழுத்தில் ஒரு தனிப் பெட்டி. நமக்குக் கிடைத்திருக்கிற விளம்பரப் பலகை அவ்வளவுதான். அதற்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. அந்த முப்பது எழுத்தை, தேடுகிறவன் வாயில் வருகிற சொல்லால் நிரப்ப வேண்டும்.

தமிழில் பெயர் வைப்போர் ஒன்று கவனிக்க. 'லேத் வேகக் கணக்கு' என்பதில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்பது எழுத்து, இரண்டு இடைவெளி. ஆனால் யூனிகோடு முறையில் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் அதே பெயர் 17 ஆகிவிடும். ஆகவே தமிழில் இன்னும் சுருக்கமாகச் சொல்லப் பழக வேண்டும். "விட்டம் போடுங்க, ஆர்.பி.எம். வந்துடும். நெட் வேண்டாம்." இது எண்பதுக்குள் தாராளமாக அடங்கும். படித்தவுடன் பட்டறை அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிடும். கூகுள் பிளேயில் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதி வைக்கவும் வழி இருக்கிறது. எத்தனை பேர் அதைச் செய்கிறோம்?

பெயரோடு 'சூப்பர்', 'நம்பர் ஒன்', 'இலவசம்' என்றெல்லாம் ஒட்டவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெயரிலும் படத்திலும் இப்படிப் பீற்றிக்கொள்ளக் கூடாது என்று கூகுள் 2021இல் விதியே கொண்டுவந்துவிட்டது. திருவிழாக் கடை மாதிரி கூவினால் கடையையே மூடிவிடுவார்கள்.

முதல் படத்தில் காலேஜ் எம்பளம் எதற்கு?

நம் பசங்க ஏற்றிய செயலிகளின் படங்களைப் பாருங்கள். முதல் படம் கல்லூரிச் சின்னம். இரண்டாவது படம் 'வெல்கம்'. மூன்றாவது படம் லாகின் பக்கம். நாலாவதில் கைடு சார் பெயரும் குழுவில் உள்ள நாலு பேர் பெயரும். ஐந்தாவது படத்தில்தான் செயலி எட்டிப் பார்க்கும். அதுவரைக்கும் யார் நிற்கப் போகிறார்கள்? கூகுள் பிளேயில் போனுக்கு எட்டுப் படம் வரை போடலாம். முதல் படத்திலேயே '50 மி.மீ. - 191 ஆர்.பி.எம்.' என்று விடை பளிச்சென்று தெரிய வேண்டும். கைடு சாருக்கு நன்றி சொல்ல ரிப்போர்ட்டில் தனிப் பக்கம் இருக்கிறதே!

அதோடு, கணக்குப் போடும் செயலிக்கு லாகின் எதற்கு? போன் நம்பர் எதற்கு? கான்டாக்ட் பட்டியலைப் பார்க்க அனுமதி எதற்கு? இன்டர்நெட்டில் கிடைத்த கோடை அப்படியே ஒட்டும்போது அதில் இருந்த அனுமதிகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. கடன் செயலிகள் கான்டாக்ட் பட்டியலைத் திருடிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மிரட்டிய கதைகளை நம் ஊர் ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். தெரியாத செயலி கை நீட்டினாலே பயப்படுகிறார்கள். கேட்காமல் இருப்பதே நமக்குப் பெரிய விளம்பரம்.

2020 ஊரடங்கில் 'மித்ரோன்' என்ற செயலியின் கதை நினைவிருக்கிறதா? டிக்டாக்குக்குப் பதில் சுதேசிச் செயலி என்ற அலையில் அது சில வாரங்களில் 50 லட்சம் டவுன்லோடு கண்டது. பிறகு பார்த்தால் அடிப்படைக் கோடு பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் 34 டாலருக்கு வாங்கியது என்று தெரியவந்தது. 2020 ஜூனில் கூகுள் அதைக் கொஞ்ச நாள் ஸ்டோரிலிருந்து நீக்கியும் வைத்தது. புராஜெக்ட் சென்டரில் ரெடிமேட் புராஜெக்ட் வாங்கும் நண்பர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கவும். வாங்கின கோடில் ஒரு பிழை வந்தால் நம்மால் திருத்த முடியாது. திருத்த முடியாததைக் கடையில் வைத்து விற்பதும் நியாயமில்லை.

செயலி நின்றால் விளம்பரமும் நின்றது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்டோரில் மார்க்கெட்டிங் என்பது பாதிக்கு மேல் எஞ்சினியரிங்தான். ஆதாரம் சொல்கிறேன். ஒரு நாளில் பயன்படுத்துகிறவர்களில் 1.09 சதவீதத்துக்கு மேல் கண் முன்னாலேயே செயலி முறிந்து விழுந்தால், கூகுள் பிளே அதை மோசமான நடத்தை என்று குறித்துத் தேடலிலும் பரிந்துரையிலும் பின்னுக்குத் தள்ளலாம். ஆயிரம் பேரில் சுமார் பதினொரு பேர்! உறைந்து நின்றுபோவதற்கு வரம்பு இன்னும் குறைவு, 0.47 சதவீதம். ஆக, பிழை திருத்துகிறவனும் விளம்பரம்தான் செய்கிறான்.

அளவும் அப்படியே. செயலியின் எடை 6 எம்.பி. கூடினால் நிறுவுவோர் விகிதம் சுமார் 1 சதவீதம் குறைகிறது என்று கூகுள் பிளே குழுவே 2017இல் கணக்குச் சொன்னது. ஒரு கால்குலேட்டருக்கு 60 எம்.பி. என்றால் எங்கே போவது? போனில் இடமில்லாமல் கல்யாண வீடியோவை அழிக்கலாமா, நம் செயலியை அழிக்கலாமா என்று யோசிக்கிறவர் எதை அழிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

நம் தமிழ்நாட்டு உதாரணமே இருக்கிறது. ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' 2021இலேயே வந்துவிட்ட செயலி. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரே சுதேசிச் செயலி என்று எடுத்துச் சொன்னதும் ஒரே அலை. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரத் தொடங்கினார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு சொன்னார். நவம்பரில் பெரிய வெளியீடு, சர்வர் வசதி, விளம்பரம் எல்லாம் செய்வதாகத் திட்டமிட்டிருந்தார்களாம். அலை முன்னாலேயே அடித்துவிட்டது. ஓ.டி.பி. வரத் தாமதம், கான்டாக்ட் சேரத் தாமதம். எழுத்துச் செய்திகளுக்கு முழு மறைகுறியாக்கம் இல்லையே என்ற கேள்வி வேறு. பட்டியலில் முதலிடம் பிடித்த செயலி சில வாரங்களில் இறங்கவும் செய்தது. இவ்வளவு பெரிய கம்பெனிக்கே கூட்டத்தைக் கூப்பிடுவது ஒரு வேலை, வந்த கூட்டத்தை உட்கார வைப்பது இன்னொரு வேலை என்றால் நாம் எம்மாத்திரம்? ஆயிரம் பேரை அழைக்குமுன் பத்துப் பேருக்கு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

வந்தவர் இன்னொருவரைக் கூட்டி வருவதற்கும் செயலிக்குள்ளேயே வழி வைக்கலாம். ஜோஷ் வார்டில் என்பவர் செய்த 'வேர்டில்' சொல் விளையாட்டை 2021 நவம்பர் 1ஆம் தேதி ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி ஆரம்பத்தில் மூன்று லட்சம் பேர்! அது ஸ்டோரில்கூட இல்லை, வெறும் இணையப் பக்கம். விளம்பரம் ஏதுமில்லை. விடையைக் காட்டாமல் பச்சை, மஞ்சள் கட்டங்களாக மட்டும் நம் ஆட்டத்தை நண்பருக்கு அனுப்பும் வசதி ஒன்று இருந்தது. அது போதுமானதாக இருந்தது. நம் லேத் கணக்கிலும் விடையை அப்படியே வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்ப ஒரு பொத்தான் வைத்தால் பட்டறைக்குப் பட்டறை அது தானே நடக்கும்.

நட்சத்திர வியாபாரம் வேண்டாம்

அடுத்தது கொஞ்சம் கசப்பு. "மச்சான், நான் உனக்கு அஞ்சு ஸ்டார் போடுறேன், நீ எனக்குப் போடு." ஹாஸ்டலில் ஒரு ராத்திரியில் நூறு நட்சத்திரம் விழுந்துவிடும். "இதில என்னப்பா தப்பு? உதவிதானே?" என்பார்கள்.

தப்பு இருக்கிறது. முதலாவது, போலி மதிப்பீடும் காசு கொடுத்து வாங்கும் மதிப்பீடும் இரண்டு ஸ்டோரிலும் விதிப்படி தடை. கண்டுபிடித்தால் செயலி போகும், கணக்கும் போகலாம். 2022 நவம்பரில் நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். ஆன்லைன் மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரமே வெளியிட்டது. நாடு முழுக்க இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. நூறு பொய் நட்சத்திரத்துக்கு நடுவே "விட்டத்தை இன்ச்சில் போட வழியில்லை தம்பி" என்று பட்டறை அண்ணன் எழுதிய இரண்டு நட்சத்திர மதிப்புரை காணாமல் போய்விடும். அந்த ஒரு வரிதான் நமக்குக் கிடைத்த உண்மையான பாடம். எந்த டெக்ஸ்ட் புக்கிலும் அது இல்லை. கூகுள் பிளேயில் ஒவ்வொரு மதிப்புரைக்கும் 350 எழுத்துக்குள் நாம் பதில் எழுதலாம். "அண்ணே, அடுத்த வாரம் சேர்த்துடுறோம்" என்று எழுதி, சொன்ன மாதிரியே சேர்த்து, மறுபடி ஒரு வரி எழுதினால் அவரே நட்சத்திரத்தை மாற்றிப் போடுவார். பெரிய கம்பெனிகளால் செய்ய முடியாத ஒன்று இது. அவர்களுக்கு லட்சம் மதிப்புரை. நமக்குப் பத்து. பத்துக்கும் பதில் எழுத நமக்கு நேரம் இருக்கிறது.

நட்சத்திரம் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. செயலியைத் திறந்தவுடன் கேட்காதீர்கள், பத்துக் கணக்குப் போட்டு முடித்த பிறகு கேளுங்கள். ஆப்பிள் ஒரு பயனரிடம் இந்தக் கேள்வியை ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் காட்ட விடுவதில்லை. அந்த நாகரிகம் நமக்கும் இருக்கட்டும்.

பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரே ஒரு தடவை 25 டாலர். நாலு பேர் குழுவாகப் பிரித்துக்கொண்டால் தலைக்கு அறுநூறு ரூபாய் சுமாருக்கு முடிந்துவிடும். ஆப்பிளில் வருஷத்துக்கு 99 டாலர், அதை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். ஆனால் 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்கு இன்னொரு நிபந்தனை. செயலியை எல்லோருக்கும் வெளியிடுமுன் சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாள் அதில் இருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றார்கள், 2024 டிசம்பரில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். இந்தப் பன்னிரண்டு பேர் கிடைக்காமல் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் இன்டர்நெட்டில் காசு கொடுத்து முகம் தெரியாத ஆளைப் பிடிக்கிறார்கள்.

பன்னிரண்டு பேருக்கா பஞ்சம்? நம் வளாகத்தில் மெக்கானிக்கல் இருக்கிறது, சிவில் இருக்கிறது, எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் இருக்கிறது. வொர்க்ஷாப்பில் முப்பது வருஷ அனுபவமுள்ள இன்ஸ்ட்ரக்டர் அண்ணன்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு போன். பழையது, புதியது, திரை விரிந்தது, மெமரி நிரம்பியது என்று வகை வகையாக! இதைவிட நல்ல சோதனைக்கூடம் எந்தக் கம்பெனியில் இருக்கிறது?

ஆகவே சங்கம் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் விருப்பமுள்ளவர்களைச் சேர்த்து ஒரு சோதனைக் குழு. கணிப்பொறிப் பிரிவு செயலி செய்தால் மற்ற பிரிவுக்காரர்கள் பதினான்கு நாளும் உண்மையாகவே பயன்படுத்தி, குறை எழுதித் தர வேண்டும். இரண்டு, செமஸ்டருக்கு ஒரு மாலைப் பொழுது. எல்லோர் செயலியின் பெயர், எண்பது எழுத்து விளக்கம், முதல் படம் மூன்றையும் சுவரில் காட்டி, வேறு பிரிவு மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு "இது எதுக்குன்னு சொல்லுடா தம்பி" என்று கேட்க வேண்டும். அவனால் சொல்ல முடியாவிட்டால் திருத்தி எழுத வேண்டும். மூன்று, நட்சத்திரம் பரிமாறிக்கொள்ள மாட்டோம் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம்.

நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. ரெவ்யூவில் "எத்தனை மாட்யூல் இருக்கு?" என்று கேட்கிறீர்கள். கூடவே, "நம் வளாகத்துக்கு வெளியே எத்தனை பேர் பயன்படுத்தினாங்க? என்ன குறை சொன்னாங்க? அதுக்கு என்ன செஞ்சீங்க?" என்றும் கேளுங்கள் சார். ரிப்போர்ட்டில் அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். ரெடிமேட் புராஜெக்ட் வாங்கியவனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. செய்தவனுக்கு அந்த அத்தியாயம் நாளை இன்டர்வியூவில் பேசும். டிப்ளமோ என்றதும் அப்ரென்டிஸ் சம்பளத்தைத் தாண்டி யோசிக்காத அதிகாரி முன்னால், "இருநூறு பட்டறைக்காரர்கள் தினமும் பயன்படுத்துற செயலி சார் இது, அவங்க சொன்ன குறையெல்லாம் இந்தப் பட்டியல்ல இருக்கு" என்று எடுத்து வைப்பவனை, "சரிப்பா, சொல்றோம்" என்று சாதாரணமாக அனுப்பிவிட முடியாது.

பெரிய கம்பெனிகளோடு விளம்பரத்தில் நாம் போட்டி போட முடியாது. போட வேண்டியதும் இல்லை. அவர்கள் எட்டிப் பார்க்காத லேத் பட்டறை, தறிக்கூடம், மோட்டார் ரீவைண்டிங் கடை, பம்ப்செட் கொட்டகை எல்லாம் நமக்குத் தெரிந்த இடங்கள். நம்மில் பலருடைய அப்பாவும் அண்ணனும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வாயில் வருகிற சொல்லில் பெயர் வைப்போம், அவர்கள் போனில் ஓடுகிற மாதிரி செய்வோம், அவர்கள் சொன்ன குறைக்குப் பதில் எழுதுவோம்.

அடுத்த பேட்ச் புராஜெக்ட் குழுக்கள் பிரிப்பதற்கு முன்னாலேயே சோதனைக் குழுவுக்கான பெயர்ப் பட்டியலைச் சங்க அறையில் ஒட்டிவிடலாம். முதல் பெயராக என் பெயரை எழுதத் தயார். மீதி பதினொரு பேர் யார்?